தோள் மாற்றும் இயந்திரம்

பழைய கார் ஒன்றை விலைபேசச் செல்கின்றவர்கள் முதலில் அதன் வண்ணத்தைப் பார்க்கின்றனர். பின்னர் இருக்கையின் தோலைத் தடவுகின்றனர். கடைசியாக, ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணைக் குனிந்து படிக்கின்றனர். கண்ணுக்கும் கைக்கும் எட்டுகின்ற இம்மூன்றும் காரின் எஞ்சிய ஆயுளைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. அந்த எண்ணையுங்கூடத் திருத்திவிட வல்லவர்கள் இருக்கின்றனர். இயந்திரத்திற்கும் சக்கரங்களுக்கும் இடையே இரும்புக் கூட்டுக்குள் மறைந்து கிடக்கும் கியர்பெட்டி எந்நிலையில் இருக்கிறது என்று கேட்கும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் வேரூன்றவில்லை.

சுங்கை சிப்புட்டில் வாழும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு அக்கேள்வியைக் கேட்டே தீரவேண்டிய நிலை வந்தது. அவருடைய தாயாருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ஈப்போவில் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ள வேண்டும். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவு. பள்ளி முடிந்த கையோடு தாயாரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், திரும்பி வரும்போது இரவு கவிந்திருக்கும். அவரிடம் இருந்த பழைய புரோட்டோன் சாகா இருபது ஆண்டு உழைத்த வண்டி. ஈப்போவின் மாலை நெரிசலில் அதன் கிளட்சை மிதித்து மிதித்து ஆசிரியரின் இடது முழங்கால் தேய்ந்தது. தானே கியர் மாற்றிக்கொள்ளும் கார் ஒன்று தேவை என்ற முடிவுக்கு அவர் வந்ததில் வியப்பில்லை.

விற்பனை நிலையத்தில் அவருக்குக் காட்டப்பட்டது எட்டு ஆண்டு பழைய ஐரோப்பியக் கார். கதவை மூடினால் கோயில் கதவு சாத்துவதுபோல் கனமான ஓசை. உள்ளே அமர்ந்தால் வெளியிரைச்சல் இல்லை. விலை 27,000 வெள்ளி. புதிதாக வாங்கியபோது அதன் விலை இதைப்போல் மும்மடங்குக்கும் மேல். எட்டே ஆண்டில் இத்துணை வீழ்ச்சி ஏன் என்று ஆசிரியர் வினவியபோது, விற்பவர் சிரித்துவிட்டுக் குளிர்சாதனத்தின் சிறப்பைப் பேசத் தொடங்கினார். அச்சிரிப்புத்தான் விடையென்பதை உணர ஆசிரியருக்கு அதிக நேரம் ஆகவில்லை. அந்தக் காரில் இருந்தது இரட்டைக் கிளட்சு கியர்பெட்டி.

அது இயங்கும் விதத்தைக் கோயில் திருவிழாவில் சாமி தூக்கிய எவரும் எளிதில் புரிந்துகொள்ளலாம். சப்பரத்தைச் சுமப்பவர் ஒருவர் களைத்தால், தண்டைக் கீழே வைத்துவிட்டா அடுத்தவர் ஏற்கிறார்? இல்லை. அடுத்தவர் முன்னதாகவே அருகில் வந்து, தோளைத் தண்டுக்கு அடியில் கொடுத்து ஆயத்தமாகிறார். ஒரு தோள் விடும் அதே நொடியில் மறுதோள் ஏற்கிறது. சப்பரம் குலுங்குவதில்லை, ஊர்வலம் நிற்பதுமில்லை. இரட்டைக் கிளட்சிலும் அவ்வாறே. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்னும் ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்சு. இரண்டு, நான்கு, ஆறு என்னும் இரட்டைப்படைக் கியர்களுக்கு மற்றொன்று. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்பட்ட இரண்டு தண்டுகள் அவற்றைத் தனித்தனியே சுழற்றுகின்றன. கார் இரண்டாவது கியரில் ஓடிக்கொண்டிருக்கையிலேயே மூன்றாவது பூட்டப்பட்டுக் காத்திருக்கும். ஒரு கிளட்சு விட, மற்றது பற்ற, நொடியின் சிறு பகுதிக்குள் மாற்றம் முடிந்துவிடும். இவ்வளவையும் ஆட்டுவிப்பது கணினியும் எண்ணெய் அழுத்தமும் இணைந்த ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. இதனை ஆசிரியர் தம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விளக்கிவிட்டுக் கிளட்சுக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்று கேட்டார். ‘பற்றுத்தட்டு’ என்றாள் ஒரு சிறுமி. கலைச்சொல் அறிஞர்கள் கூடி ஆராய்ந்தாலும் இதனினும் எளிய சொல் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

கருத்தளவில் இவ்வமைப்புப் புதியதன்று. அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இரண்டாம் உலகப்போருக்கு முன்பே, 1930களின் இறுதியில், இதனைச் சிந்தித்துவிட்டார். 1980களில் போர்ஷே நிறுவனம் பந்தயக் கார்களில் இதனைப் பொருத்தி ஓட்டியது. விரைந்து கணிக்கும் கணினி மலிவாகக் கிடைக்கும் வரை பொதுமக்களின் காருக்குள் இது நுழைய இயலவில்லை. 2003ஆம் ஆண்டில் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் வகையின் வேகமிக்க கார் ஒன்றில் இது விற்பனைக்கு வந்தது. அதன் பின்னர் உலகின் பல நிறுவனங்கள் இவ்வழியைப் பின்பற்றின. புரோட்டோனின் எக்ஸ்70, 2020ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் பொருத்தப்பட்டபோது, ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளட்சையே ஏற்றது. ஆகவே இது மேல்நாட்டுச் செல்வரின் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

ஆயினும் இரட்டைக் கிளட்சு என்ற ஒரே பெயருக்குள் இருவேறு பிறவிகள் உள்ளன. பழைய கார் வாங்குவோரைக் கவிழ்ப்பது இவ்வேறுபாட்டை அறியாமைதான். ஒன்றில் கிளட்சுத் தட்டுகள் எண்ணெயில் மூழ்கியிருக்கும். உராய்வால் எழும் வெப்பத்தை எண்ணெய் வாங்கிக்கொண்டு போய்விடும். எக்ஸ்70இல் உள்ளது இவ்வகை. மற்றொன்று உலர்வகை; தட்டுகளைச் சூழ்ந்திருப்பது வெறும் காற்று. உலர்வகை எடை குறைந்தது, எரிபொருளை மிச்சப்படுத்துவது, செய்வதற்கும் செலவு குறைவு. சிறிய இயந்திரம் கொண்ட கார்களில் அது விரும்பிப் பொருத்தப்பட்டதற்குக் காரணம் இதுவே. குளிர்ந்த நாட்டில், திறந்த நெடுஞ்சாலையில், அது குறையின்றி உழைக்கும். ஈப்போவின் மாலை நான்கு மணி வெயிலில், விளக்குக்கு விளக்கு நின்று, அங்குலம் அங்குலமாக நகரும்போதுதான் அதன் துன்பம் தொடங்குகிறது. மனிதர் நடக்கும் வேகத்திலும் குறைந்த வேகத்தில் கார் ஊர்கையில், கிளட்சு முழுமையாகப் பற்றவும் இயலாது, முழுமையாக விடவும் இயலாது. அரைகுறையாகத் தேய்ந்துகொண்டே இருக்கும். தேய்வு வெப்பமாகிறது. அவ்வெப்பம் தட்டின் மேற்பரப்பைக் கண்ணாடிபோல் வழவழப்பாக்க, கார் புறப்படும்போது நடுக்கம் பிறக்கிறது.

தட்பவெப்பத்திற்கும் கியர்பெட்டிக்கும் உள்ள இத்தொடர்பு பட்டறைக்காரர்களின் கட்டுக்கதை அன்று. 2013ஆம் ஆண்டு நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே, ஏழு கியர் கொண்ட தன் இரட்டைக் கிளட்சுக் கார்களில் உலகெங்கும் சுமார் 16 இலட்சத்தைத் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில், நின்று நின்று ஓடும் நிலையில், செயற்கை எண்ணெயால் மின்கோளாறு நேரக்கூடும் என்று கண்டு, அதை மாற்றிக் கனிம எண்ணெய் ஊற்றிக் கொடுத்தது. ஃபோர்டு நிறுவனத்தின் கதை இன்னும் கசப்பானது. இரட்டைக் கிளட்சு நடுங்குவதாக முறையிட்ட வாடிக்கையாளர்களை நடத்திய முறைக்காக, 2018ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அந்நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளைக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. ஓட்டுபவரின் பழக்கமே நடுக்கத்திற்குக் காரணம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் அவர்களுள் பலர். நோயாளி மீதே நோயின் பழியைப் போடுவது மருத்துவத்தில் மட்டும் நடப்பதன்று போலும்!

ஆசிரியர் காட்டப்பட்ட காரை உடனே வாங்கிவிடவுமில்லை, அஞ்சி ஓடிவிடவுமில்லை. ஈப்போவில் பட்டறை வைத்திருக்கும் சீனப் பெரியவர் ஒருவரை அழைத்துச் சென்றார். அவர் வந்ததும் இயந்திரம் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார், சூடாக இருந்தது. ‘நாளைக் காலை, குளிர்ந்த வண்டியைப் பார்க்கிறேன்’ என்று மலாயில் கூறிவிட்டுத் திரும்பிவிட்டார். மறுநாள், குளிர்ந்த வண்டியைத் தொடக்கி, பிரேக்கை விட்டு, சமதரையில் அது தானாக நகர்வதைக் கவனித்தார். ஏற்றமான இடத்தில் பின்னோக்கி நகர்த்தினார். பின்கியர் பற்றுவதற்கு ஒரு நொடி தயங்கினாலும் அவர் முகம் சுருங்கிற்று. பிறகு, ஒரு மணி நேரம் வெயிலில் ஓட்டிச் சூடேற்றி, சந்தைப் பக்கத்து நெரிசலுக்குள் வேண்டுமென்றே நுழைந்தார். குளிர்ந்திருக்கையில் நல்ல பிள்ளையாக நடக்கும் உலர்கிளட்சு, சூடேறிய பின்னரே தன் இயல்பைக் காட்டும் என்பது அவர் கணக்கு. முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது மெல்லிய நடுக்கம் தெரிந்தது. இறுதியில் கணினியைப் பொருத்திப் பிழைக்குறிப்புகளைப் படித்தார். ஒரு குறிப்பும் இல்லை. விற்பதற்கு முதல்நாள் எவரும் அவற்றை அழித்துவிடலாம் என்பதால், அந்த வெறுமையை அவர் பொருட்படுத்தவில்லை. கிளட்சு எவ்வளவு தூரம் நகர்ந்து பற்றுகிறது என்னும் அளவை மட்டும் குறித்துக்கொண்டார். தேய்வின் கணக்கு அந்த அளவில் இருக்கிறது. உரிமை மாற்றத்திற்காகச் செய்யப்படும் சோதனையில் கிளட்சின் தேய்வை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அச்சோதனையில் தேறிய கார் நல்ல கார் என்று நம்பி ஏமாந்தவர் பலர்.

பெரியவர் சொன்ன தீர்ப்புச் சுருக்கமானது. கிளட்சு இன்னும் சில காலம் ஓடும். ஆனால் மாற்றும் செலவை இன்றே விலையில் கழித்துவிட வேண்டும். பேரம் நடந்தது. 23,500 வெள்ளிக்குக் கார் ஆசிரியர் கைக்கு வந்தது. மிச்சமான பணத்தோடு தம் சேமிப்பிலிருந்தும் எடுத்து, 6,000 வெள்ளியைத் தனியே வங்கியில் போட்டுவைத்தார். மனைவி அதற்குக் ‘கியர்பெட்டி உண்டியல்’ என்று பெயர் வைத்தார். இவ்வகைக் காரை வாங்குவோர் உண்டியல் இன்றி வாங்குவது, குடை இன்றி நவம்பர் மாதத்தில் வெளியே போவதை ஒக்கும்.

ஓட்டும் முறையையும் அவர் மாற்றிக்கொண்டார். நெரிசலில் முன்வண்டி ஓரடி நகர்ந்தால் தாமும் ஓரடி நகரும் வழக்கத்தை விட்டார். ஒரு வண்டி நீளம் இடைவெளி விழும்வரை பிரேக்கை அழுத்தி மிதித்தபடி காத்திருந்து, பின்னர் ஒரே மூச்சில் நகர்ந்தார். பிரேக்கை முழுமையாக மிதித்தால் கிளட்சு விலகி ஓய்வெடுக்கும். அரைகுறையாக மிதித்தால் அது தேய்ந்துகொண்டே நிற்கும். மேட்டில் நிற்கும்போது எண்ணெய் மிதியால் வண்டியைத் தாங்கிப் பிடிப்பதை அறவே ஒழித்தார். அந்த இடைவெளிக்குள் மோட்டார் சைக்கிள்கள் புகுந்தன; பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தனர். அவர் பொறுத்துக்கொண்டார். வகுப்பறையில் முப்பது பிள்ளைகளைப் பொறுத்துப் பழகியவருக்கு அது பெரிதில்லை. பின்னிருக்கையில் சாய்ந்திருந்த தாயார்தாம் ஒருநாள் கேட்டார்: “என்னய்யா, வண்டிக்கு விக்கல் எடுக்குது?” பட்டறைப் பெரியவர் கணினி கொண்டு கண்டறிந்ததை அவர் உடம்பால் அறிந்திருந்தார்.

பதினான்காம் மாதத்தில் கிளட்சு அன்று, கட்டுப்பாட்டுப் பெட்டியே சோதனை வைத்தது. வியாழக்கிழமை இரவு, சுத்திகரிப்பு முடிந்து திரும்பும் வழியில், செம்மோர் சாலைவிளக்கைத் தாண்டியதும் இயந்திரம் வீறிட்டது. கார் வேகம் எடுக்கவில்லை. முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சற்றுப் பொறுத்து ஓர் உதறலுடன் மூன்றாவது கியர் விழுந்தது. இரண்டாவதும் நான்காவதும் இல்லை. இரட்டைப்படைக் கியர்களைத் தாங்கும் தோள் துவண்டுவிட்டது. ஒற்றைப்படைத் தோள் மட்டும் சுமையைத் தாங்கியது. சுத்திகரிப்பு முடிந்து வருவோரின் களைப்பை உடனிருந்து பார்த்தவர்களே அறிவர். தாயார் கண்மூடிக் கிடந்தார். சாலையோரத்தில் நிறுத்தி இழுவை வண்டிக்குக் காத்திருப்பதா, ஊர்ந்தேனும் வீடு சேர்வதா என்ற கேள்விக்கு விடைகாண ஆசிரியருக்குக் கிடைத்தது அரை நிமிடம். வெப்பம் குறித்த எச்சரிக்கை எதுவும் எழாததைப் பார்த்துக்கொண்டு, நிற்காமல் ஓட்டுவதற்கு முடிவுசெய்தார். கந்தானின் சுண்ணாம்புக் குன்றுகள் இருளில் மெல்லக் கடந்தன. முன்னே சிவப்பு விளக்கு தெரிந்தால் தொலைவிலேயே வேகம் குறைத்து, பச்சை விழும்வரை உருண்டார். வீட்டை அடைந்தபோதுதான் மற்றொன்று புலப்பட்டது: பின்கியரும் போயிருந்தது. அக்காரில் பின்கியரும் அதே தோளின் பொறுப்பு. தாழ்வாரத்தில் மூக்கை நுழைத்தால் மறுநாள் வெளியே எடுக்க இயலாது. ஆகவே தெருவிலேயே நிறுத்திவிட்டுத் தாயாரைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துச் சென்றார்.

கார் ஒன்பது நாள் பட்டறையில் கிடந்தது. அந்நாள்களில் தாயார் ஈப்போ போனது பக்கத்து வீட்டு மலாய்க்காரரின் பெரோடுவாவில். பெட்ரோலுக்குக் கொடுத்த காசை அவர் வாங்க மறுத்துவிட்டார். கட்டுப்பாட்டுப் பெட்டியில் எண்ணெய் அழுத்தத்தைக் காக்கும் பகுதி பழுதாகியிருந்தது. அதனைச் செப்பனிட்டு, கழற்றிய வேளையிலேயே கிளட்சையும் மாற்றிப் பூட்டியதற்கு 5,400 வெள்ளி ஆயிற்று. உண்டியலில் 600 வெள்ளி எஞ்சியது.

காரை விற்றுவிடும்படி உறவினர் பலர் கூறினர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. நோயாளியைச் சுமக்கும் வண்டியாக உலர்வகை இரட்டைக் கிளட்சைத் தேர்வது முதல் தரமான தேர்வன்று. பழைய முறைத் தானியங்கி கியர்பெட்டி கொண்ட சிறிய உள்நாட்டுக் கார், ஓட்டத்தில் சுவை குறைந்தாலும், இப்பணிக்கு ஏற்றது. ஆனால் நடுங்கும் காரை அதன் நடுக்கத்தை மறைத்து இன்னொருவர் தலையில் கட்டுவதற்கு ஆசிரியருக்கு மனமில்லை. உண்மையைச் சொன்னால் வாங்குவாரில்லை. இப்போதோ கிளட்சு புதிது, கட்டுப்பாட்டுப் பெட்டி செப்பனிடப்பட்டது. இதுவரை இல்லாத அளவுக்குக் கார் நல்ல நிலையில் இருக்கும் நேரத்தில் அதை விற்பானேன் என்பது அவர் வாதம்.

அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். இடப்பக்கத்தில் தாயாரின் எடையும் இரத்த அழுத்தமும். வலப்பக்கத்தில் காரின் கிலோமீட்டரும் எண்ணெய் மாற்றிய நாளும். உலர்வகைக்குக் கியர் எண்ணெய் மாற்றவே வேண்டியதில்லை என்று தயாரித்தவர்கள் கூறினாலும், இந்த வெயிலுக்கு அது பொருந்தாது என்று பட்டறைப் பெரியவர் ஒத்துக்கொள்வதில்லை. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறார். உண்டியலில் மாதம் 150 வெள்ளி மீண்டும் விழுகிறது.