சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

புக்கிட் மேரா என்னும் மலாய்த் தொடருக்குச் செங்குன்றம் என்பது பொருள். அக்குன்று சிவந்ததற்கு மக்கள் ஒரு கதை சொல்வர். கூரிய அலகுடைய தோடாக் மீன்கள் கடலிலிருந்து பாய்ந்து கரையில் வாழ்ந்தோரைக் கொன்றனவாம். வாழைத்தண்டுகளை அரணாக நிறுத்தினால் மீன்களின் அலகு அவற்றிற் சிக்கிக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் வழி கூறினான். ஊர் பிழைத்தது, அவன் பிழைக்கவில்லை. அவனது அறிவைக் கண்டு அஞ்சிய அரசன் அவனைக் கொல்வித்தான். அவன் சிந்திய குருதியே குன்றைச் செந்நிறமாக்கியது என்பர். உள்ளதை உள்ளவாறு கண்டு சொல்பவனை உலகம் எளிதில் விரும்புவதில்லை என்பதற்கு இக்கதை ஒரு சான்று.

இன்று அக்குன்றை அடுத்த லெங் கீ சாலையிலும் அலெக்சாண்ட்ரா சாலையிலும் புதிய கார்களின் காட்சிக்கூடங்கள் ஒளி வீசுகின்றன. சற்று அப்பால், அலெக்சாண்ட்ரா வில்லேஜ் வட்டாரத்தில், பழைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகள் வரிசையாக நிற்கின்றன. காட்சிக்கூடம் வண்டியின் இளமையைக் காட்டுகிறது. பட்டறை அதன் முதுமையை அறிகிறது. இவ்விரண்டிற்கும் இடையே நின்று தீர்ப்புக் கூறுவதே வாகனப் பரிசோதனை.

சிங்கப்பூரில் மூன்றாண்டு நிரம்பாத காருக்குப் பரிசோதனை இல்லை. மூன்றிலிருந்து பத்தாண்டு வரை ஈராண்டுக்கு ஒருமுறையும், பத்தாண்டு கடந்தபின் ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. தேறாத வண்டிக்குச் சாலை வரியைப் புதுப்பிக்க இயலாது. 1981இல் தொடங்கப்பெற்ற விக்கோம் நிறுவனம் முதலாக, அரசின் ஒப்புதல் பெற்ற நிலையங்கள் இப்பணியைச் செய்து வருகின்றன. பிரேக்கின் வலிமை, சக்கரங்களின் நேர்மை, விளக்குகள், புகை, ஒலி, வண்டியின் அடிப்பாகம் ஆகியன அங்கே ஆராயப்படுகின்றன.

வாகன உரிமைச் சான்றிதழ் முறை 1990ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டு முடிந்தபின் அவ்வுரிமையை ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ நீட்டிக்கலாம். நீட்டிப்பவர், பதிவை நீக்கினால் கிடைத்திருக்கக்கூடிய கழிவுத் தொகையை இழக்கிறார்; சாலை வரியிலும் கூடுதல் செலுத்துகிறார். ஐந்தாண்டுக்கு நீட்டித்தவர் மறுபடியும் நீட்டிக்க முடியாது. ஆகவே ஆண்டுச் சோதனை தொடங்கும் வேளை, உரிமையாளர் தம் பணத்தை ஒரு பழைய வண்டியின் மீது பந்தயமாக வைத்துவிட்ட வேளையும் ஆகும்.

இந்நிலையில் உயர்ந்த விலையுடைய மேடுபள்ள வண்டி ஒன்றைக் கைமாற்றி வாங்க எண்ணும் ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். ரேஞ்ச் ரோவர் அவர் உள்ளத்தைக் கவர்கிறது. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர் உழவனின் வண்டி. 1970இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவரோ, வயலுக்கும் செல்லும், விருந்துக்கும் செல்லும். 2008இல் அந்நிறுவனம் இந்தியாவின் டாட்டா குழுமத்திடம் வந்து சேர்ந்தது. 2024இல் ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் அதன் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. எனவே இவ்வண்டி தமிழர்க்கு முற்றிலும் அயலானது அன்று.

அவர் பட்டறைக்காரரிடம் மகிழ்வோடு கூறுவார்: “அண்ணே, போன மாதந்தான் சோதனையில் தேறியது. இனி ஓராண்டுக்குக் கவலை இல்லை அல்லவா?”

அனுபவமுள்ள பட்டறைக்காரர் புன்னகை செய்வார். “தம்பி, தேறிய நாளில் வண்டி நன்றாக இருந்தது. சான்றிதழ் சொல்வது அவ்வளவுதான்.”

இவ்விடையில் பொதிந்துள்ள உண்மையை ஆசிரியர்கள் உடனே உணர்வர். ஒரு தேர்வின் தகுதியை இரண்டு அளவைகளால் மதிப்பிடுவது கல்வியியல் மரபு. மீண்டும் அளந்தால் அதே விடை வருமா என்பது நம்பகத்தன்மை. அளக்க எண்ணியதையே அளக்கிறதா என்பது ஏற்புடைமை. பிரேக்கை உருளைகளின்மேல் நிறுத்தி அளக்கும் கருவி இன்று காட்டிய அளவை நாளையும் ஏறக்குறையக் காட்டும். அங்கே நம்பகத்தன்மை உண்டு. ஆனால் வாங்குபவர் கேட்கும் கேள்வி வேறு: “இவ்வண்டி என்னைச் செலவில் ஆழ்த்துமா?” இக்கேள்விக்காக அச்சோதனை அமைக்கப்படவே இல்லை.

பிரித்தானியாவின் வரலாறு இதனை விளக்கும். அங்கே 1960இல் இச்சோதனை தொடங்கியபோது பத்தாண்டு கடந்த வண்டிகளே அழைக்கப்பட்டன. குறையுள்ளவை மிகுந்திருக்கக் கண்டு, மறு ஆண்டிலேயே அவ்வெல்லை ஏழாண்டாகவும், 1967இல் மூன்றாண்டாகவும் குறைக்கப்பட்டது. சாலையிற் செல்வோரின் உயிரைக் காப்பதே அதன் நோக்கம். எஞ்சினின் நிலையையோ கியர்ப்பெட்டியின் நிலையையோ அது ஆராய்வதில்லை. பணப்பையைக் காப்பதாக அது என்றும் உறுதி கூறியதில்லை.

பழைய ரேஞ்ச் ரோவரின் உடலமைப்பே இதற்கு ஓர் உவமை. அதன் மேற்றகடுகளிற் பல அலுமினியத்தால் ஆனவை, எளிதில் துருவேறா. அவற்றைத் தாங்கும் சட்டகமோ எஃகு. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாட்டில், மேனி பளபளக்க உள்ளெலும்பு அரிக்கப்படும். சிங்கப்பூரில் அவ்வுப்பு இல்லை. வெப்பமும் ஈரமும் உண்டு. அவை ரப்பரை முதுமையடையச் செய்கின்றன. 1990களின் தொடக்கத்திலிருந்து இவ்வண்டிகளிற் பலவற்றில் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர்ப் பைகள் பாரத்தைத் தாங்குகின்றன. சோதனை நாளில் கசியாத பை அடுத்த மாதம் வெடிப்புற்றுக் கசியலாம். வண்டியின் விலை பத்தாண்டில் இறங்கிவிடுகிறது. அதன் உறுப்புகளின் விலை இறங்குவதில்லை. மலிவாக வாங்கியவருக்கும் பழுதுச் செலவு செல்வருக்குரியதாகவே வருகிறது.

இன்னுமொரு நுட்பம் உண்டு. ஓரினத்து வண்டிகளுள் மிகுதியானவை தேறுகின்றன என்ற கணக்கைக் கொண்டு, அவ்வினம் உறுதியானது என்று முடிவு செய்தல் தவறு. பெரும்பொருள் கொடுத்து வாங்கியவர், சோதனைக்கு முன்பே பட்டறைக்கு அனுப்பிக் குறைகளைக் களைந்திருப்பார். பழுதடைந்தவற்றுள் சில சோதனைக்கு வராமலே கழிக்கப்பட்டிருக்கும். தேறியது வண்டியின் உறுதியாலா, உரிமையாளரின் செலவாலா என்பதை அவ்வெண் பிரித்துக் காட்டாது. தனிப்பயிற்சி பெற்ற மாணவனின் மதிப்பெண்ணை முழுதும் பள்ளியின் பெருமையாகக் கொள்வதைப் போன்றது அது.

சோதனைக்கென்றே அறநெறி பேணுவோரும் உளர். சட்டம் ஏற்கும் புகைக்குழாயைப் பொருத்தித் தேறியபின், ஓசைமிக்க குழாயை மீண்டும் மாட்டுவோர் அவர்கள். தேர்வு முடிந்த மாலையில் பாடத்தை மறக்கும் மாணவனுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு உண்டு. மறதியால் மாணவன் தனக்கே தீங்கு செய்துகொள்கிறான்; வண்டியோட்டியின் ஏமாற்று அயலார் செவியையும், சிலவேளை உயிரையும் தாக்கும்.

ஆயினும் இவை பரிசோதனையைப் பழிக்கும் காரணங்கள் ஆகா. தேய்ந்த டயரையும் வலியிழந்த பிரேக்கையும் யார் வண்டி என்று பாராமல் அது தடுத்து நிறுத்துகிறது. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்றால், அவ்விதி எளியவரின் சிறு வண்டிக்கும் செல்வரின் பெரு வண்டிக்கும் ஒன்றே. பாதையைக் கடக்கும் பள்ளிச் சிறுவனுக்கு அச்சமநீதி ஒரு காவல்.

கைமாற்று வண்டி வாங்குவோர் சான்றிதழை வாயிலாகக் கொள்ளட்டும். முடிவாகக் கொள்ள வேண்டா. பராமரிப்புக் குறிப்பேட்டைக் கேட்கட்டும். விற்பவரோடு தொடர்பில்லாத பட்டறைக்காரர் ஒருவரை அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லட்டும். அவர் குறை கூறினால் முகஞ்சுளிக்காமல் கேட்கட்டும். மதிப்பெண் பட்டியலை மட்டும் நோக்கி மாணவனை எடைபோடாத ஆசிரியர், அவனது அன்றாடக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்ப்பது போன்றதே இது. ஒரு நாளின் தேர்ச்சி ஒரு நாளுக்கே உரியது. மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களும் பேணுதலால் ஈட்டப்பட வேண்டியவை.