ராஜபொபித்: ஓர் இளம் அரசனின் கோயில்

பாங்காக் போகிறவர்கள் அரச அரண்மனை வளாகத்தில் உள்ள மரகத புத்தர் சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அரண்மனைக்கு அருகிலேயே இருக்கும் வாட் ராஜபொபித்தை ஏன் தவறவிடுகிறார்களோ என்று எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது.

15 வயதில் சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) அரியணை ஏறிய சூலாலங்கோர்ன் (ஐந்தாம் ராமா) 1869இல் கட்டத் தொடங்கிய பௌத்த கோயில் இது. நடுவில் ‘சேதி’ எனப்படும் உயர்ந்த பொன்னிறத் தூபி. அதைச் சுற்றி வட்டமாக ஓடும் தாழ்வாரம். வழிபாட்டு மண்டபங்கள் அந்த வட்டத்தோடு ஒட்டியே நிற்கின்றன. தாய்லாந்தில் இப்படியோர் அமைப்பு அபூர்வம்.

வெளிச்சுவர் முழுக்கப் பல வண்ணப் பீங்கான் ஓடுகள். கதவுகளைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கருப்பு அரக்கில் பதித்த முத்துச்சிப்பித் துணுக்குகள், நாம் ஓரடி நகர்ந்தால் பச்சையிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறுகின்றன. அவை காட்டுவது புத்தர் கதையை அல்ல, அரச விருதுப் பதக்கங்களை! உள்ளே நுழைந்தால் ஐரோப்பிய கோதிக் பாணிக் கூரை. வெளியே சயாம், உள்ளே ஐரோப்பா. இந்தத் துணிச்சல்தான் என்னை மிகவும் ஈர்த்தது.

மேற்கே அரச குடும்பத்தினரின் நினைவிடங்கள். 2017இல் பூமிபோல் மன்னரின் அஸ்தியில் ஒரு பகுதியும் இக்கோயிலில்தான் வைக்கப்பட்டது.

அடுத்த முறை பாங்காக் போனால், இதற்கென்று ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள்.