மூன்று படியும் 21 அடியும்

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டி நிற்கும் கட்டடங்களில் கீழே புடவைக்கடை, மேலே கணக்காளர் அலுவலகம், அதற்கும் மேலே ரியூசன் வகுப்பு என்பது பழகிப்போன அடுக்கு. மேலே போகக் கடைகளுக்கு நடுவே ஒடுங்கிய படிக்கட்டு ஒன்று இருக்கும். கொட்டாஞ்சேனையிலோ உயர்ந்த விறாந்தை வைத்த பழைய வீடுகள் அலுவலகங்களாகியிருக்கின்றன. மழைவெள்ளம் உள்ளே வராதிருக்க உயர்த்திய அத்திவாரம், இன்று தெருவுக்கும் வேலைமேசைக்கும் இடையில் மூன்று படிகளாக நிற்கிறது.

அந்த மூன்று படிகளையும் ஒருமுறை அளந்து பார்க்கலாம். படிக்கு 7 அங்குலம் என்றால் மொத்த உயரம் 21 அங்குலம். சக்கர நாற்காலியில் வருபவர் தன் கைப்பலத்தால் ஏறுவதற்கு, ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் வேண்டும். ஆக, 21 அடி. பல வாசல்களில் போட்டிருப்பது நாலைந்து அடியில் முடிந்துவிடும் சிமெந்துச் சரிவு. அதில் மோட்டார் சைக்கிள் ஏறும். சக்கர நாற்காலி ஏறாது; இறங்கினால் ஆள் முன்னே விழுவார். சாய்தளம் போட்டாயிற்று என்று பொறுப்பாளர் நிம்மதியாகிவிடுவதால், இது ஒன்றுமே இல்லாததைவிடக் கெடுதலானது.

இலங்கையில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. 2006 ஒக்டோபரில் அதன்கீழ் வெளியான ஒழுங்குவிதிகள், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களையும் திருத்தச் சொல்லி மூன்று ஆண்டுத் தவணை கொடுத்தன.

தவணை கொடுத்தால் மட்டும் வேலை நடந்துவிடாது என்று கண்டவர் கலாநிதி அஜித் பெரேரா. வேதியியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த அவரது காரின்மேல் வீதியோர மரம் ஒன்று முறிந்து விழுந்தது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலிதான். 2009இல் அவர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்தார். புதிய பொதுக் கட்டடங்கள் ஒழுங்குவிதிகளின்படியே அமைய வேண்டும் என்று 2011 ஏப்ரலில் நீதிமன்றம் உத்தரவிட்டது. கட்டடங்களை நேரில் போய்ப் பார்த்து, குறை எங்கே என்று எழுதியும் பேசியும் வந்த அவர் 2020இல் காலமானார்.

அவர் காட்டிய வழி இதுதான்: பயன்படுத்துபவரே பார்க்க வேண்டும். நடந்து போகும் பொறியியலாளர் கண்ணுக்கு வாசற்கதவின் அரை அங்குல விளிம்பு தெரியாது. முன்சில்லு அதில் முட்டி நின்றால்தான் தெரியும். பரிசோதனை பஸ் தரிப்பிடத்தில் தொடங்கி, உடைந்த நடைபாதை, வாசல், வரவேற்பு மேசை என்று மலசலகூடம் வரை போக வேண்டும். அங்கேதான் பெரும்பாலும் தோல்வி. கதவு உள்ளே திறந்து இடத்தை அடைக்கும்; நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டிய இடத்தில் வாளியும் தும்புத்தடியும் கிடக்கும். வாளியை எடுக்கச் செலவில்லை. கதவை வெளிப்பக்கம் திறக்க மாற்றுவது ஒருநாள் தச்சுவேலை. படிவிளிம்பில் மஞ்சள் பட்டி, இருபுறமும் கைப்பிடி ஆகியவை பார்வை குறைந்தவருக்கும் முழங்கால் வலிக்காரருக்கும் உடனே உதவும்.

21 அடிக்கு இடமில்லையா? ஒழுங்கைப் பக்கத்துக் கதவு பலவேளை பதிவாக இருக்கும். சுவரோரமாகத் திருப்பிக் கட்டலாம், திருப்பத்தில் ஐந்தடிச் சமதளம் விட்டு. லிஃப்ட் வைக்கவே முடியாத மாடி என்றால், ஒரு மேசையைக் கீழ்த்தளத்துக்கு இறக்கலாம்.

“எங்கள் ஊழியரில் அப்படி யாரும் இல்லையே” என்பது வழக்கமான பதில். 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 8.7 வீதமானோருக்கு ஏதோ ஒரு இயலாமை உண்டு. ஏறக்குறைய 16 இலட்சம் பேர். அரசதுறை வெற்றிடங்களில் 3 வீதத்தை இவர்களுக்கு ஒதுக்கும் சுற்றறிக்கை 1988இலேயே வந்துவிட்டது. நேர்முகத் தேர்வு மாடியில் நடந்தால் அவர்கள் எப்படி வருவார்கள்?

கட்டடச் சொந்தக்காரர்களே, சங்க நிர்வாகிகளே, அடுத்தமுறை டைல்ஸ் மாற்ற மேசனைக் கூப்பிடும் அன்று, சக்கர நாற்காலியில் நடமாடும் ஒருவரையும் கூப்பிடுங்கள். அவர் நேரத்துக்குரிய பணத்தையும் கொடுங்கள்.