நெட்டையனுக்கு மட்டும் விசிலா?

கூடைப்பந்து பார்க்கிற நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு குறை தவறாமல் வரும். "கூடைக்குக் கீழே நிற்கிற நெட்டையனை லேசாகத் தொட்டால் போதும், நடுவர் விசில் ஊதிவிடுகிறார். இதில் என்ன திறமை இருக்கிறது?" என்பார்கள். உயரமாகப் பிறந்தவனுக்கு ஃப்ரீ த்ரோ இலவசமாகக் கிடைக்கிறது என்பது இவர்கள் எண்ணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு, சென்டர் இடத்தில் ஆடுபவரின் பெயர் 'பிவோ'. ஒன்று சுழல்வதற்கு ஆதாரமாக நிற்கும் முளை என்று பொருள். அந்தப் பெயரில் உயரத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் திரும்புகிறான் என்பதுதான் அதில் இருக்கிறது. ஃபவுல் விஷயத்திலும் அதுதான் முக்கியம்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். கரீம் அப்துல் ஜபார், 7 அடி 2 அங்குலம். மோசஸ் மலோன், 6 அடி 10 அங்குலம். இருவரும் அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் பல காலம் ஆடிய சென்டர்கள். கரீம் 1,560 ஆட்டங்களில் 9,304 ஃப்ரீ த்ரோ எறிந்தார். ஆட்டத்துக்கு சுமார் 6. மோசஸ் 1,329 ஆட்டங்களில் 11,090. ஆட்டத்துக்கு 8க்கும் மேல். நாலு அங்குலம் குட்டையானவருக்குத்தான் அதிகம் கிடைத்திருக்கிறது. உயரம்தான் விசிலை வரவழைக்கிறது என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

கரீமின் ஆயுதம் ஸ்கைஹுக். தடுப்பவருக்குத் தன் இடது தோளைக் காட்டி, பக்கவாட்டில் நின்று, வலது கையை வானத்துக்கு நீட்டி, உச்சியிலிருந்து பந்தை வளைத்து எறிவார். பந்துக்கும் எதிராளிக்கும் நடுவில் அவருடைய முழு உடம்பும் இருக்கும். எட்டிப் பிடிக்க வழியில்லை என்று தெரிந்துகொண்டு பல தடுப்பாளர்கள் கையைத் தூக்கி நிற்பதோடு சரி. அடிக்க முடியாத இடத்தில் பந்து இருந்தால் ஃபவுல் எங்கிருந்து வரும்? அந்த ஆட்டத்தின் அழகே யாரையும் தொடாமல் வேலையை முடிப்பதுதான்.

மோசஸ் இதற்கு நேர் எதிர். தவறிப்போன பந்தைத் திரும்ப எடுப்பதுதான் அவர் தொழில். தன் அணி எறிந்து தவறிய பந்தைப் பிடிப்பதில், கணக்கு எடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து, என்.பி.ஏ.வில் முதலிடம் அவருக்குத்தான். மைதானத்தின் கடைசிக் கோட்டை ஒட்டி நின்று, இடுப்பாலும் தோளாலும் இடம் பிடித்துக்கொண்டு உள்ளே வருவார். பந்தைப் பிடித்ததும் கூட்டத்துக்கு நடுவிலேயே மறுபடி எம்புவார். அந்த நேரத்தில் எதிரணியினர் நிலை குலைந்திருப்பார்கள். ஒருவர் அப்போதுதான் தரையில் இறங்கியிருப்பார், இன்னொருவர் பாதி திரும்பியிருப்பார். அவசரத்தில் கையை வீசினால் மோசஸின் முழங்கைமேல்தான் விழும். விசில். 1983 இறுதிச் சுற்றில் மோசஸின் ஃபிலடெல்ஃபியா அணி, கரீமின் லாஸ் ஏஞ்சலஸ் அணியை 4-0 என்று வென்றது.

விதியைப் பார்த்தாலும் இது விளங்கும். தடுப்பவருக்குத் தான் நிற்கும் இடமும், அதற்கு நேர் மேலே உள்ள வெளியும் சொந்தம். கையை நேராகத் தூக்கிச் செங்குத்தாக எம்பினால், மோதல் நடந்தாலும் அவர்மேல் குற்றமில்லை. முன்னால் சாய்ந்து எம்பினால்தான் தப்பு. ஆகவே ஃபவுல் வாங்கத் தெரிந்த சென்டர் செய்வது ஒரே வேலை: எதிராளியை நேர்கோட்டிலிருந்து நகர வைப்பது. எறிவதுபோல் பந்தைத் தூக்கிக் காட்டி அவரை முதலில் எம்ப வைப்பார். காற்றில் போனவரால் பிரேக் போட முடியாது.

ஷகீல் ஓ'நீல் மூன்றாவது வகை. 7 அடி 1 அங்குலம், 300 பவுண்டுக்கு மேல் எடை. முதுகைக் காட்டிப் பந்தை வாங்கி, தோளால் நெம்பிக்கொண்டே கூடைக்கு அடியில் போய்விடுவார். அங்கே போனபின் தடுப்பதற்கு ஒரே வழி அடிப்பதுதான். ஆட்டத்துக்கு 9க்கும் மேல் ஃப்ரீ த்ரோ. ஆனால் இவர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. ஒல்லியானவனை இடித்தால் தள்ளாடி விழுவான், நடுவர் கண்ணில் படும். மலைபோல் இருப்பவனை அடித்தால் அவன் அசையவே மாட்டான், ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பலசாலி வாங்கிய அடிகளில் பல கணக்கிலேயே வருவதில்லை.

அவருடைய குறை வேறு இடத்தில் இருந்தது. எறிந்த ஃப்ரீ த்ரோக்களில் பாதிக்குச் சற்று மேல்தான் உள்ளே போயின. 2000 இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில் 39 எறிந்து 18 போட்டார். இரண்டு எறிந்தால் சராசரியாக ஒரு புள்ளி. ஒரு சாதாரண தாக்குதலில் ஓர் அணிக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படியானால் இவரை அடித்து நிறுத்தினால் எதிரணிக்கு நஷ்டம் இல்லை! 'ஹேக்-எ-ஷாக்' என்ற தந்திரம் இந்தக் கணக்கில்தான் ஓடியது. பந்து கையில் இல்லாதவரையே வேண்டுமென்று பிடித்து இழுத்தார்கள். ஆட்டத்தின் கடைசி 2 நிமிடங்களுக்கு மட்டும் இருந்த தண்டனையை, 2016ல் ஒவ்வொரு கால்பகுதியின் கடைசி 2 நிமிடங்களுக்கும் நீட்டினார்கள்.

இக்காலத்தில் ஜோயல் எம்பீட். கேமரூனில், பிரெஞ்சு பேசும் யவுண்டே நகரில் பிறந்தவர். 7 அடி உயரம், ஆனால் சிறிய ஆட்டக்காரர்களின் தந்திரமெல்லாம் கற்றவர். கூடையைப் பார்த்து நின்று, ஏமாற்றி, எதிராளியின் கை நீளும் நேரம் பார்த்து அதன் குறுக்கே பந்தைத் தூக்குவார். 2022-23 சீசனில் ஆட்டத்துக்கு 33 புள்ளி எடுத்தார். அதில் 10 ஃப்ரீ த்ரோவில் வந்தது. சிறந்த ஆட்டக்காரர் விருதும் அந்த ஆண்டுதான் கிடைத்தது.

இது ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. கூடைக்குப் போகிற வழியில் மோதல் வந்தால் அது ஆட்டம். கூடையை மறந்துவிட்டு மோதலையே தேடிப்போனால் அது நாடகம். என் கோடு இதுதான். 2021ல் என்.பி.ஏ.வும் இப்படித்தான் கோடு போட்டது. எறிகிற சாக்கில் பக்கவாட்டில் பாய்ந்து எதிராளிமேல் விழுவதற்கு விசில் இல்லை என்றார்கள். மோசஸ் அந்த விதியின் கீழ் ஆடியிருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது.

2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அமெரிக்கா 98, பிரான்ஸ் 87. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றும் அமெரிக்காவுக்கு ஆடினார் என்று அந்தப் போட்டி முழுக்க எம்பீடை ரசிகர்கள் கூச்சலிட்டு விரட்டினார்கள். பிரான்ஸ் பக்கம் விக்டர் வெம்பன்யாமா, 7 அடி 3 அங்குலத்துக்கும் மேல். அன்று 26 புள்ளி எடுத்தார். ஆனால் அவர் தூரத்திலிருந்து எறிவதில் விருப்பமுள்ளவர். என்.பி.ஏ.வில் முதல் சீசனில் அவருக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோ ஆட்டத்துக்கு சுமார் 5தான். இத்தனை உயரத்துக்கு இது குறைவு. கூட்டத்தை விட்டு விலகி நின்றால் விசிலும் விலகித்தான் நிற்கும்.

என் பேரன் வகுப்பிலேயே உயரம், கல்லூரி அணியில் பிவோ. "தாத்தா, எல்லாரும் இடிக்கிறாங்க, நடுவர் ஊதவே மாட்டேங்கிறார். பேசாம வெளியே நின்னு எறியட்டுமா?" என்று கேட்டான். போன மாதம் உதட்டில் இரண்டு தையல். அவன் அம்மாவுக்கு அவன் வெளியே நிற்பதே மேல்.

நான் அவனிடம் சொன்னது இது. "உள்ளே போனா அடி விழும்ப்பா. மோசஸுக்கும் விழுந்தது, ஷாக்குக்கும் விழுந்தது. அந்த அடிக்குக் கூலி அந்த இரண்டு ஃப்ரீ த்ரோதான். அதைப் போடத் தெரியாட்டா வாங்குன அடி வீண்." மோசஸ் நாலுக்கு மூன்று போட்டார். அதனால்தான் அவரை அடித்து நிறுத்துவது எதிரணிக்குக் கட்டுப்படியாகவில்லை. எதிரணி சென்டருக்கும் ஆபத்துதான். என்.பி.ஏ.வில் 6, நம் ஊர் விதியில் 5 ஃபவுல் ஆனால் அவர் வெளியே உட்கார வேண்டியதுதான்.

இப்போது பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, தனியாக நின்று 50 ஃப்ரீ த்ரோ எறிகிறானாம். எத்தனை உள்ளே போயிற்று என்று இரவு எனக்கு எண்ணிக்கை அனுப்புகிறான். நேற்று 34. உள்ளே போவதா, வெளியே நிற்பதா என்பதை இனி அவனே முடிவு செய்துகொள்வான்.