‘அது ஒண்டும் செய்யாது’

2021 லொக்டவுன் நேரம், மகள் அழுது அடம்பிடித்துத்தான் வீமன் எங்கள் லண்டன் வீட்டுக்கு வந்தான். விற்றவர் ‘ஸ்டாஃபி கலப்பு’ என்று சொன்னார். கையில் அடங்குகிற குட்டி. ஒன்றரை வருடத்தில் சோஃபாவில் எங்களுக்கு இடமில்லை. பெயர் வைத்தது அம்மா. “இவன் சாப்பிடுற சாப்பாட்டுக்கு வேற என்ன பேர் வைக்கிறது?”

2023 செப்டம்பரில் பிரதமர் ரிஷி சுனக், எக்ஸ்எல் புல்லி நாய்களைத் தடைசெய்யப் போவதாக அறிவித்தார். எனக்கு அது வெறும் செய்திதான். அக்டோபர் கடைசியில் அந்த வகைக்கான விளக்கம் வெளிவந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. தாய் தகப்பன் எந்த இனம் என்பது கணக்கில்லை, தோற்றம்தான் கணக்கு. ஆண் நாய் தோள்மட்டத்தில் 51 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து, பெரிய தலை, அகன்ற நெஞ்சு, தசைப்பிடிப்பான உடம்பு என்று போகிற பட்டியலில் கணிசமானவை பொருந்தினால், அது எக்ஸ்எல் புல்லி. முதலில் அதைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியவர் வளர்ப்பவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் தையல் டேப்பை எடுத்து அளந்தேன். 53. திரும்ப அளந்தேன். வீமன் விளையாட்டு என்று நினைத்து வாலை ஆட்டினான். மூன்றாம் முறை டேப்பைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தேன். 52. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

2024 ஜனவரி 31க்குள் விலக்குச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 92.40 பவுண்ட். மைக்ரோசிப், கருத்தடை, மற்றவர்களுக்கு ஏற்படும் காயத்துக்கான காப்புறுதி எல்லாம் கட்டாயம். வெளியே போனால் ஆயுள் முழுக்க வாய்ப்பூட்டும் கயிறும். பதியாமல் வைத்திருந்தால் குற்றம், நாயைப் பிடித்துக்கொண்டு போகலாம். வேண்டாம் என்று ஊசி போட்டு முடித்துவிட்டால் 200 பவுண்ட் இழப்பீடு. அந்த வரியை மகளுக்கு வாசித்துக் காட்டவில்லை.

நண்பன் ஒருவன், “பதியாதை மச்சான், லாப்ரடோர் கலப்பு எண்டு சொல்லு” என்றான். அம்மா, “வீமன் ஆரைக் கடிச்சவன்? எங்கட பிள்ளையளை விட அடக்கமாத்தானே இருக்கிறான்” என்றா. மகள் கேட்டதுதான் கஷ்டம். “அப்பா, வீமன் என்ன பிழை செய்தவன்?”

ஒரு பிழையும் செய்யவில்லை. எனக்கும் கோபம்தான். டேப்பை வைத்து ஒரு நாயின் குணத்தை அளக்க முடியாது. ஆனால் 2021 நவம்பரில் வேல்ஸில் இப்படியான ஒரு நாய் கடித்து 10 வயதுப் பையன் ஒருவன் இறந்ததும் உண்மை. 53ஐ 52 ஆக்கப் பார்த்த என் கையையும் நான் மறக்கவில்லை. விண்ணப்பித்தேன்.

வாய்ப்பூட்டைப் பழக்க மூன்று கிழமை எடுத்தது. உள்ளே சீஸ் தடவி, முதல் நாள் மூக்கை மட்டும் வைக்கவிட்டு, பிறகு ஒரு நிமிஷம், பிறகு ஐந்து. முதல்முறை அதோடு வெளியே போனபோது எனக்கு வெட்கமாக இருந்தது, ஏதோ குற்றவாளியைக் கூட்டிக்கொண்டு போவது போல.

எங்கள் தெருவில் ஒரு தமிழ் அக்கா இருக்கிறா. சின்னப் பையனோடு ஸ்கூலுக்கு நடப்பா. எங்களைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கம் போய்விடுவா. நான் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டு, “அது ஒண்டும் செய்யாது அக்கா” என்பேன். அன்றைக்கு முதல்முறையாக அவ எங்கள் பக்கத்திலேயே வந்தா.

“கோவியாதேங்கோ தம்பி. ரெண்டு வருஷமா உங்கட நாயைக் கண்டால் நெஞ்சு படபடக்கும். எங்கட ஆக்கள், எப்பிடிச் சொல்லுறது எண்டு பேசாமல் இருந்தனான். இப்பதான் நிம்மதியா நடக்கிறன்.”

எனக்கு வாய் வரவில்லை. வீமனை எனக்குத் தெரியும். அவவுக்கு எப்படித் தெரியும்? என் நம்பிக்கையை வைத்துக்கொண்டு அவ தன் பிள்ளையை எப்படி நடத்திப் போவா?

பிறகுதான் சட்டத்தின் இன்னொரு பகுதியைக் கவனமாக வாசித்தேன். அது எல்லா நாய்க்கும் பொருந்தும், சின்னப் பொமரேனியனுக்கும்தான். கடிக்கத் தேவையில்லை. நாய் கட்டுப்பாடில்லாமல் நடந்து, காயப்படுத்திவிடும் என்று ஒருவர் நியாயமாகப் பயந்தாலே குற்றமாகலாம். வீட்டுக்குள்ளேயும் அப்படித்தான். பிள்ளையின் கூட்டாளி விளையாட வரும்போதும் இது பொருந்தும்.

தோற்றத்தை வைத்துத் தடைசெய்வது சரியென்று இப்பவும் நான் நினைக்கவில்லை. ஆனால் மகளுக்கு ஒரு பதில் கிடைத்தது. “வீமன் பிழை செய்யேல்ல அம்மா. அவனைத் தெரியாத ஆக்கள் பயப்பிடாமல் நடக்கத்தான் இது.”

அவள் யோசித்துவிட்டு, “அப்ப அந்த அன்ரிக்கு முதலே போட்டிருக்கலாமே?” என்றாள்.

போட்டிருக்கலாம்தான். இப்போது எதிரே யாராவது நின்றால், நான்தான் மற்றப் பக்கம் போகிறேன்.