நாய்ப்பீயும் மாடித்தோட்டமும்

மாடித்தோட்டம் போட்டிருக்கவங்க, வீட்ல நாயோ பூனையோ வளர்க்கிறவங்க இந்தத் த்ரெட்டை முழுசா படிச்சிடுங்க.

போன வாரம் ஓபியில் ஒரு அம்மா. பையன் மண் திங்கிறான்னு கூட்டிட்டு வந்தாங்க. பேச்சுவாக்குல, "நாய்க்குட்டி போறதையும் உரத்தொட்டியிலதான் போடுறோம் டாக்டர். மாட்டுச்சாணி போடலாம்னா இது மட்டும் ஏன் கூடாது?" என்றார்.

நியாயமான கேள்வி. நாயின் குடலில் டாக்ஸோகாரா கேனிஸ் என்றொரு உருண்டைப்புழு உண்டு. குட்டிகளுக்குத் தாய் வயிற்றிலேயே வந்துவிடும். அதன் முட்டை மண்ணோடு நம் வாய்க்குள் போனால், லார்வா ஈரல், நுரையீரல், சில சமயம் கண் என்று அலையும். சாணி ரொம்ப சுத்தம்னு சொல்லல, அதையும் மக்க வச்சுத்தான் போடணும். ஆனா இந்தப் புழு அதுல கிடையாது.

கண்ணுக்குப் போனா பெரும்பாலும் ஒரு கண்தான். இன்னொண்ணு நல்லா தெரியுறதால குழந்தை சொல்லவே சொல்லாது. கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரிந்து, கண் புற்றுநோயோ என்று டாக்டர்களே சந்தேகப்படும் அளவுக்குப் போகும்.

"மக்கும்போது செத்துடாதா?" குவியல் முழுக்க 55 டிகிரிக்கு மேல் சூடாகி சில நாள் அப்படியே நின்றால் சாகும். வீட்டுத் தொட்டி அந்தச் சூட்டைத் தொடுறது கஷ்டம். மதுரை வெயில் போதாதான்னு கேட்காதீங்க. மேல்மண்தான் கொதிக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஈர மண்ணில் அந்த முட்டை வருஷக்கணக்கில் தாங்கும்.

பூனை வேற கதை: டாக்ஸோபிளாஸ்மா. 2004-05ல் கோவையில் 200 பேருக்கு மேல் இந்தக் கிருமியால் விழித்திரை பாதித்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தார்கள். குடிநீர் மாசுபட்டிருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகித்தார்கள். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்கும் இதன் முட்டைகள் பூனைக் குடும்பத்தின் மலத்தில் மட்டும்தான் வெளியே வரும்.

கர்ப்பிணிகள் கவனம். முதல் தொற்று கர்ப்பத்தில் வந்தால் குழந்தைக்கும் போகலாம். அதுக்காகப் பூனையைத் துரத்திடாதீங்க, பாவம். வேற யாராவது தினமும் அள்ளட்டும்; வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் அது தொற்றும்.

நாயோடதைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணி ஊத்துங்க. பூனையோடதைக் கவரில் இறுக்கிக் கட்டிக் குப்பைக்குப் போடுங்க. ஏற்கெனவே போட்டுட்ட தொட்டியா? ரோஜா, செம்பருத்திக்கு வச்சுக்கோங்க, கையுறையோட. கொத்தமல்லி, புதினா, கேரட் அதுல வேண்டாம். குட்டிக்கு 2 வாரத்துல ஆரம்பிச்சு, 2 வாரத்துக்கு ஒருக்கா பூச்சி மருந்து. பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்க.