கொழும்பில் இரண்டு நாள்

உத்தமபாளையம் முல்லைப் பெரியாற்றின் கரையில் அமைந்த ஊர். மேற்கே மலைத்தொடர் நீலமாக நிற்கும். அதன் அடியில் நெல்வயலும் வாழைத்தோட்டமும் பசுமையாக விரியும். அவ்வூரில் இளமை முதல் ஒன்றாகப் படித்து வளர்ந்த நண்பர் மூவர் இருந்தனர். ஒருவர் பள்ளி ஆசிரியர், மற்றொருவர் பலசரக்கு வணிகர், மூன்றாமவர் மின்பணியாளர். அயல்நாடு ஒன்றை ஒருமுறையேனும் காணவேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. ஆயினும், வேலையை விட்டுப் பல நாள் பிரிந்திருக்க மூவராலும் இயலாது. சனி, ஞாயிறு ஆகிய இரு நாள்களில் சென்று திரும்பத்தக்க இடம் யாது என்று ஆராய்ந்தனர். மின்பணியாளர் உடனே, "கொழும்புக்குப் போவோம்" என்றார். காரணம் கேட்டபோது, "அங்கே சென்ற பின் சொல்லுகிறேன்" என்று நிறுத்திக்கொண்டார்.

உத்தமபாளையத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அத்தொலைவைப் பேருந்தில் கடப்பதற்கு ஆன நேரத்தைவிட, மதுரையிலிருந்து வானூர்தியில் கடலைக் கடப்பதற்கு ஆன நேரம் குறைவாக இருந்தது. முற்காலத்தில் இப்பயணம் இத்துணை எளிதன்று. 1914-ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், மக்கள் தனுஷ்கோடி வரை புகைவண்டியிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும், மீண்டும் கொழும்பு வரை புகைவண்டியிலும் சென்றனர். 1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அவ்வழியும் அதனோடு அழிந்தது.

கட்டுநாயக்க வானூர்தி நிலையத்திலிருந்து நகரை அடைந்த நண்பர்கள் முதலில் புறக்கோட்டைக் கடைவீதியைக் கண்டனர். செந்நிறமும் வெண்ணிறமும் வரிவரியாக அமைந்த பள்ளிவாசல் ஒன்று அங்கே உயர்ந்து நிற்கிறது. அதற்கு அணித்தே செட்டியார் தெருவில் நகைக்கடைகளுக்கு நடுவே முருகன் கோயில்கள் விளங்குகின்றன. பெயர்ப்பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மூன்று மொழிகளையும் கண்டு ஆசிரியர் மகிழ்ந்தார். "இலங்கையின் சட்டமன்றத் தலைநகர் இந்நகரன்று, இதனை அடுத்துள்ள ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டையே ஆகும். 1982-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் அங்கே ஏரி நடுவில் எழுந்த புதிய கட்டடத்திற்கு மாறிற்று" என்று அவர் நண்பர்களுக்கு எடுத்துரைத்தார்.

மாலையில் மூவரும் காலிமுகத்திடலில் அமர்ந்தனர். சிறுவர்கள் பட்டம் விட்டனர். கடலில் கதிரவன் மறைந்துகொண்டிருந்தான். அப்போது மின்பணியாளர் தம் பையிலிருந்து பழைய அட்டை ஒன்றை எடுத்தார். அதன் ஓரங்கள் நைந்திருந்தன.

"இஃது என் பாட்டனாருடையது. அவர் அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவரைப் போன்ற மலைநாட்டுத் தமிழருள் மிகப் பலர் நாடற்றவர் ஆயினர். 1964-ஆம் ஆண்டில் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் உடன்படிக்கை செய்தனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கவேண்டும் என்று முடிவாயிற்று. 1970-களில் என் பாட்டனார் கப்பலேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கினார். தோட்டவேலையன்றி வேறு தொழில் அறியாதவர். ஆதலால், ஏலமலைத் தோட்டங்களை நாடி நம் பள்ளத்தாக்கிற்கு வந்து சேர்ந்தார். பிறந்த மண்ணை விட்டு வந்தவரை இந்த அட்டை என்னவென்று கூறுகிறது, பாருங்கள்" என்று அதனை நீட்டினார்.

'தாயகம் திரும்பியவர்' என்று அதில் எழுதியிருந்தது. நண்பர்கள் நெடுநேரம் பேசவில்லை.

"எஞ்சியிருந்தோர் நிலை என்ன?" என்று வணிகர் மெல்ல வினவினார்.

"2003-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கினர். பாட்டனாரின் தலைமுறைக்கு அது மிகவும் பிந்தி வந்தது" என்றார் மின்பணியாளர்.

மறுநாள் காலையில் வணிகர் கடைவீதிக்கே மீண்டும் செல்ல விரும்பினார். ஆசிரியரோ, 1877-இல் நிறுவப்பட்ட தேசிய அருங்காட்சியகத்திற்கு அனைவரையும் அழைத்துச் சென்றார். அங்கே ஒரு கல் இருந்தது. சீன அரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409-ஆம் ஆண்டில் பொறிப்பித்து இலங்கைக்குக் கொணர்ந்த கல்வெட்டு அது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியில் அது அமைந்துள்ளது. சீனப் பகுதி புத்தர்பிரானுக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயினார் என்னும் திருமாலுக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலியன அவை.

கடைவீதியை நினைத்து முணுமுணுத்துவந்த வணிகரே அக்கல்லின்முன் நெடுநேரம் நின்றார். "மூவர்க்கும் கொடுத்த அளவு எப்படி?" என்று கேட்டார்.

"ஏறத்தாழ ஒத்த அளவே" என்றார் ஆசிரியர்.

"அப்படியானால் அவர் தராசு பிடிக்கத் தெரிந்தவர்" என்றார் வணிகர்.

ஆசிரியர் மேலும் கூறினார்: "அன்று மூன்று மொழிகளை ஒரே கல்லில் நிறுத்தினர். பின்னர் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களம் ஒன்றையே ஆட்சிமொழி ஆக்கிற்று. 1987-இல் அரசியலமைப்பைத் திருத்தித் தமிழையும் ஆட்சிமொழி என்றனர். அதற்குள் சிந்திய குருதி மிகுதி. 2009 வரை போர் ஓயவில்லை. இக்கல்லும் துன்பப்பட்டதே. காலி நகரில் ஒரு சிறுபாலத்தின் மூடுகல்லாக, எழுத்துள்ள பக்கம் கீழே கவிழ்ந்து கிடந்ததை 1911-இல் கண்டெடுத்தனர்."

"பாட்டனாரின் அட்டையும் பெட்டியின் அடியில் கவிழ்ந்துதான் கிடந்தது" என்றார் மின்பணியாளர்.

அன்றிரவே அவர்கள் ஊர் திரும்பினர். அடுத்த ஞாயிறன்று, உத்தமபாளையத்தில் உள்ள பாறை ஒன்றிற்கு மூவரும் சென்றனர். ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய சமணத் தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துப் பொறிப்புகளும் அப்பாறையில் உள்ளன. இளமையில் அவர்கள் அப்பாறையில் முதுகைச் சாய்த்து எத்தனையோ முறை இளைப்பாறியதுண்டு. எழுத்தை நோக்கியதில்லை. "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று வணிகர் கேட்டார். ஆசிரியரால் விடை கூற இயலவில்லை.

"எனக்கு வட்டெழுத்துத் தெரியாது. கற்றுக்கொண்டு சொல்லுகிறேன்" என்றார் அவர். மறுவாரம் தம் மாணவர்களையும் அப்பாறைக்கு அழைத்துச் சென்றார்.